படகு டிரெய்லரின் அச்சை மாற்றுவது, படகின் அடிக்கு இடைவெளி விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் டிரெய்லர் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வெளியே வரும். ஃபைபர் வேலைக்காகப் படகைக் கீழே சமவெளிக்கு இறக்கும்போது ஒரு முறை, வேலை முடிந்து ஏற்றும்போது ஒரு முறை. மற்ற நாட்களெல்லாம் மூடுபனியிலும் மழையிலும் கிடக்கிறது. கிடக்கும்போது துருவேறுகிறது, ஓடும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பாடுபடுகிறது. 1863-ல் மதுரை கலெக்டர் வெரே ஹென்றி லெவிஞ்ச் இங்கே ஏரியை உண்டாக்கியபோது முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. மோட்டார் சாலை இல்லாத காலத்தில் அது மலையேறியது. இன்று நமக்குச் சாலை இருக்கிறது. ஆனால் படகு பத்திரமாக வந்து சேர வேண்டும் என்ற கவலை மாறவில்லை.

என்னிடம் இருப்பது நான்கு பேர் அமரும் ஃபைபர் துடுப்புப் படகு. அடி ‘வி’ வடிவம். டிரெய்லருக்கு ஒற்றை அச்சு, இரு பக்கமும் ஸ்பிரிங் பட்டை. அதன் அச்சை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை தவறாகப் போனது. அதற்குப் பிறகு கற்றதையே கீழே எழுதியிருக்கிறேன்.

அச்சை எப்போது மாற்ற வேண்டும்? பெயின்ட் அடித்தால் போதாதா?

மேலோட்டமான துருவுக்குப் பெயின்ட் போதும். அரிப்பு உள்ளே இருக்கிறதா என்பதைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன குழாய் தகர டப்பா போல மந்தமாகச் சத்தமிடும். அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட் கவ்வும் இடத்தில் நிச்சயம் தட்டுங்கள். அங்கேதான் ஈரம் தேங்கும், பாரமும் அங்கேதான் இறங்கும். டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கலாம். பேரிங் இறுகி, அது உட்காரும் அச்சு முனையில் கீறல் விழுந்திருந்தால் புதிய பேரிங் போட்டாலும் நிலைக்காது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அச்சை மாற்றிவிடுங்கள்.

படகின் அடி அச்சில் உரசுகிறது என்று எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்தது மிகத் தாமதமாக. முதல் முறை சமவெளியில் ஒரு பட்டறையில் புதிய அச்சு போட்டேன். படகை ஏற்றி நிறுத்திவிட்டு, அதன் அடிக்கும் அச்சுக்கும் நடுவே பட்டறைக்காரர் விரல்களை நுழைத்துக் காட்டினார். “மூன்று விரல் இருக்கிறது தம்பி, தாராளம்” என்றார். நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து படகை இறக்கிய பிறகு பார்த்தால், அச்சின் நடுவில் மாவு தூவியது போல வெள்ளைத் தூள். ஈர விரலால் தொட்டால் நறநறத்தது. படகைக் கவிழ்த்தேன். படகு கட்டுவோர் ஏரா என்று சொல்லும் அடி நடு விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மேல்பூச்சு தேய்ந்து, உள்ளிருக்கும் கண்ணாடி நார் தெரிந்தது. தண்ணீர் அந்த நாருக்குள் இறங்கினால் படகு உள்ளுக்குள் ஊறத் தொடங்கும். மழைக்காலம் முழுவதும் அது ஏரியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் மனம் பதைக்கிறது.

எனவே ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அச்சின் நடுப்பகுதியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளையோ படகின் நிறமோ ஒட்டினால் உரசல் இருக்கிறது.

மூன்று விரல் இடைவெளி ஏன் போதவில்லை?

பட்டறைக்காரர் அளந்தது வண்டி நிற்கும்போது உள்ள இடைவெளி. நமக்கு வேண்டியது ஸ்பிரிங் பட்டை முழுவதும் அமுங்கிய நொடியில் மிஞ்சும் இடைவெளி. படகு டிரெய்லரின் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அச்சோ ஸ்பிரிங்கின் மறுபக்கம் சக்கரத்தோடு இருக்கிறது. சக்கரம் வேகத்தடையிலோ பள்ளத்திலோ ஏறி இறங்கும்போது சட்டம் கீழே வரும், அச்சு அதை நோக்கி மேலே வரும். படகின் நடு விளிம்பு இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது.

என் டிரெய்லரின் கணக்கைச் சொல்கிறேன். படகை ஏற்றிய நிலையில் அச்சின் மேல்முகத்திலிருந்து சட்டத்தின் அடி வரை 110 மில்லிமீட்டர். அதாவது மிக மோசமான குலுக்கலில் அச்சு 110 மில்லிமீட்டர் வரை எழும்பலாம், அதன் பிறகு சட்டம் தடுத்துவிடும். என் படகின் ஏரா சட்டத்தின் அடிமட்டத்துக்குக் கீழே 60 மில்லிமீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் 50, அதுதான் அந்த மூன்று விரல். அச்சு 50 மில்லிமீட்டர் எழும்பியதுமே படகைத் தொட்டுவிடும். இன்னும் 60 எழும்ப அதற்கு வழி இருக்கிறது, அந்த வழியில் படகு நிற்கிறது.

இதிலிருந்து ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. ஏரா, சட்டத்தின் அடிமட்டத்தைவிட மேலே இருந்தால் அச்சு எவ்வளவு குதித்தாலும் படகைத் தொட முடியாது. சட்டம்தான் முதலில் முட்டும். அப்படி அமைக்க முடியாதவர்கள் சட்டத்தின் அடியில் அச்சுக்கு நேராக ரப்பர் முட்டு வைத்து அச்சின் எழுச்சியைக் குறைக்கலாம். அந்த முட்டில் அச்சு நிற்கும்போது ஏராவுக்குக் கீழே குறைந்தது 25 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். ரப்பர் முட்டு வைத்தால் குலுக்கல் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கணக்கு வராது. நேராகப் பார்க்க வழி உண்டா?

உண்டு, அடுப்படியிலேயே இருக்கிறது. கோதுமை மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஏராவுக்கு நேர்கீழே அச்சின் மேல் கூம்பாக ஒட்டுங்கள். கூம்பின் நுனி படகைத் தொட வேண்டும். படகின் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால் மாவு மேலே ஒட்டிக்கொண்டு போகாது. பிறகு வழக்கமான பாரத்தோடு உங்கள் ஊரின் மிக மோசமான வேகத்தடையில், வழக்கமான வேகத்தில் ஏறி இறங்குங்கள். திரும்பி வந்து மாவின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால், அந்தக் குலுக்கலில் மிஞ்சிய இடைவெளி அதுதான்.

இரண்டாம் முறை அச்சு மாற்றிய அன்று இதைச் செய்தேன். மாவு அமுங்கி, 70 மில்லிமீட்டர் உயரத்தில் தட்டையாக நின்றது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

டிராப் அச்சு போட்டால் இடைவெளி கூடுமா?

கூடாது. பலரும் பணத்தை இழப்பது இங்கேதான். டிராப் அச்சில் சக்கரம் மாட்டும் முனைகள் மேலே இருக்கும், குழாய் முழுவதும் கீழே இறங்கியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் இடமும் அந்தக் குழாயோடுதான் இறங்கியிருக்கிறது. ஆகவே ஸ்பிரிங், சட்டம், படகு எல்லாம் சேர்ந்தே இறங்கும். வண்டி தாழும், படகைத் தண்ணீரில் இறக்குவது எளிதாகும். ஆனால் படகுக்கும் குழாய்க்கும் உள்ள தூரம் அப்படியே இருக்கும். கூடவே தரைக்கும் குழாய்க்கும் உள்ள தூரம் குறையும். கல் கிடக்கும் மலைப்பாதையில் அது ஒரு புதிய தொல்லை.

அப்படியானால் இடைவெளியைக் கூட்ட என்னதான் வழி?

மூன்று வழிகள் எனக்குத் தெரியும், மூன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

படகு உட்காரும் தாங்குபலகைகளை உயர்த்துவது மிக எளிது. நான் செய்தது இதுதான், பலகைகளின் தாங்கிகளை 80 மில்லிமீட்டர் உயர்த்தினேன். ஏரா சட்டத்தின் அடிமட்டத்துக்கு மேலே 20 மில்லிமீட்டர் போய்விட்டது. பாதகம் என்னவென்றால் படகின் எடை மேலே ஏறுகிறது. வளைவில் வண்டி சாயும் தன்மை கூடும், மெதுவாகத் திரும்ப வேண்டும். கரையில் படகு மிதக்க டிரெய்லரை இன்னும் ஆழத்துக்குத் தள்ள வேண்டும். ஏரி ஓரம் ஆழமில்லாத இடங்களில் இது சிரமம். பலகையை உயர்த்தினால் அணியத்தை, அதாவது படகின் முன்முனையைத் தாங்கும் ரப்பரையும், படகை இழுத்து ஏற்றும் வின்சையும் அதே அளவு உயர்த்த மறந்துவிடாதீர்கள்.

ஸ்பிரிங் பட்டை அச்சுக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் அதை அச்சுக்கு மேலே மாற்றுவது இன்னொரு வழி. அச்சின் உயரமும் பட்டை அடுக்கின் தடிப்பும் சேர்ந்து அவ்வளவு இடைவெளி கிடைக்கும். 50 மில்லிமீட்டர் குழாய், 30 மில்லிமீட்டர் அடுக்கு என்றால் 80. இதற்காக அச்சைத் தலைகீழாகத் திருப்பிவிடக் கூடாது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஸ்பிரிங் உட்காரும் தட்டை அச்சின் மேல்முகத்தில் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் குழாயின் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் விரிசல் பிறப்பது அந்தக் கோட்டிலிருந்துதான்.

மூன்றாவது, நடுவில் மட்டும் கீழே வளைந்த ‘வி’ அச்சு. ஸ்பிரிங் உட்காரும் இடங்கள் பழைய உயரத்திலேயே இருக்கும், ஏராவுக்குக் கீழே மட்டும் குழாய் தாழும். படகு உயராமலே இடைவெளி கிடைப்பதால் ‘வி’ அடி கொண்ட படகுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்பவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் நேரான குழாயை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரிங் பட்டையே இல்லாத ரப்பர் அச்சு எப்படி?

டார்ஷன் அச்சு என்பார்கள். அதில் குழாய் நேராகச் சட்டத்தோடு இறுகிவிடும். குழாய்க்குள் இருக்கும் ரப்பர் முறுக்கிக் கொடுக்க, சக்கரத்தைத் தாங்கும் கை மட்டும் ஏறி இறங்கும். குழாய் எழும்புவதே இல்லை. எனவே நிற்கும்போது அளந்த இடைவெளிதான் ஓடும்போதும். இடைவெளிக் கவலைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ரப்பர் தளர்ந்தால் பட்டை மாற்றுவது போல ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடியாது, முழு அச்சும் போக வேண்டும் என்பது அதன் குறை.

புதிய அச்சுக்கு என்னென்ன அளவு கொடுக்க வேண்டும்?

பட்டறையில் ஆக்சில் என்று கேளுங்கள். ஒரு பக்கத்து ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் குடம்) சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்கத்து முகம் வரை ஓர் அளவு. ஒரு ஸ்பிரிங்கின் நடுவிலிருந்து மறு ஸ்பிரிங்கின் நடு வரை இன்னோர் அளவு. இரண்டையும் பழைய அச்சில் அளக்காமல், சட்டத்திலும் சக்கரத்திலும் வைத்துச் சரிபாருங்கள், ஏனென்றால் பழைய அச்சே தவறாக இருந்திருக்கலாம். சக்கரத்தின் போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், பேரிங் விளிம்பில் பொறித்திருக்கும் எண் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் பக்கவாட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் அச்சின் நீளத்தை முடிவு செய்யாதீர்கள்.

பாரம் தாங்கும் திறனும் முக்கியம். படகு 300 கிலோ, டிரெய்லர் 180, துடுப்பும் கயிறும் மற்றவையும் 20 என்றால் மொத்தம் 500 கிலோ. 500 தாங்கும் அச்சு போதும் என்று நினைக்கக் கூடாது, 750 தாங்குவதை வாங்குங்கள். மழை பெய்து படகுக்குள் தேங்கும் நீரில் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ.

அச்சு நடுவில் மேல்நோக்கி லேசாக வளைந்திருக்கிறது. பழுதா?

பழுதல்ல. பல அச்சுகளை அப்படித்தான் செய்கிறார்கள். வளைவின் முதுகு மேலே இருக்கும்படி மாட்ட வேண்டும். பாரம் ஏறியதும் அது நேராகி, சக்கரங்கள் தரையில் சமமாகப் பதியும். தலைகீழாக மாட்டினால் பாரம் ஏற ஏற வளைவு மேலும் கூடி, டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும். முன்பு திருப்பிப் போட வேண்டாம் என்றது இதனால்தான். படகு இல்லாத வெற்று டிரெய்லரில் இடைவெளியை அளக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைச்சரிவில் வீடு. சமதளம் இல்லை. கழற்றுவது எப்படி?

சமதளம் கிடைக்கும் வரை காத்திருங்கள். பள்ளி மைதானமோ கோயில் முன்வெளியோ, அனுமதி பெற்றுக் கொண்டுபோங்கள். படகை முதலில் இறக்கிவிடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, சட்டத்தின் கீழே மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். துருப்பிடித்த யூ போல்ட்டுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தாலும் பாதிக்கு மேல் அறுக்கத்தான் வேண்டியிருக்கும். அதில் நஷ்டமில்லை, பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது.

புதிய அச்சு நேராக உட்கார்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

இழுக்கும் கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இடது முனை வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து, அதே நூலை வலது முனைக்குக் கொண்டுபோங்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொய்யாத நூலாக இருக்கட்டும். கூடுதல் வித்தியாசம் இருந்தால் டிரெய்லர் நண்டு போல் ஒருபக்கமாக ஓடும். வளைவுகளில் எதிர் வண்டிக்கு வழிவிடும்போது அதன் பின்புறம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

அச்சை முன்னே நகர்த்தலாமா, பின்னே நகர்த்தலாமா?

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே தூக்கும். படகு டிரெய்லரிலும் அதே கதைதான். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியின் மேல் விழ வேண்டும். 500 கிலோ வண்டிக்கு 25 முதல் 50 கிலோ. காய்கறி மண்டியில் மூட்டை போடும் தராசை இரவல் வாங்கி, டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, கொக்கியைத் தராசில் இறக்கினால் தெரிந்துவிடும். அச்சைப் பின்னே நகர்த்தினால் முன்பாரம் கூடும், முன்னே நகர்த்தினால் குறையும். முன்பாரம் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் வால் ஆட்டும். ஆடத் தொடங்கிய பிறகு பிரேக்கை மிதித்துச் சரிசெய்ய நினைப்பது ஆபத்து.

பேரிங்கை எவ்வளவு இறுக்க வேண்டும்?

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பார்கள். இங்கே அச்சாணி என்பது பல் வெட்டிய நட்டின் வழியே போகும் அந்தச் சிறிய ஸ்பிலிட் பின். கிரீஸைப் பேரிங்கின் வெளியே பூசினால் போதாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு இடையே கிரீஸ் பிதுங்கி வரும் வரை திணிக்க வேண்டும். ஹப்புக்குள் நீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீலையும் புதிதாகப் போடுங்கள். ஹப்பை மாட்டி, அதைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். பேரிங் ஒழுங்காக உட்கார்ந்ததும் நட்டை முழுவதும் தளர்த்தி, வெறும் விரலால் திரும்பும் அளவுக்கு மட்டும் திருப்பி, துளை நேராக வரும் இடத்தில் புதிய பின்னைச் செருகி மடக்குங்கள். ஸ்பானரால் இறுக்கி அப்படியே விட்டால் மலைப்பாதையில் பெருமாள்மலை போய்ச் சேர்வதற்குள் ஹப் கொதிக்கும்.

மலையேறி வந்ததும் படகை ஏரியில் இறக்கலாமா?

உடனே கூடாது. அடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து ஏறிவந்த ஹப்பின் உள்ளே சூடான காற்று இருக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்து ஏரியின் குளிர்ந்த நீரில் அதை முக்கினால் உள்காற்று சுருங்கி, சீலின் ஓரமாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் போல வெளுத்துவிடும். ஓட்டம் நின்று ஆறு மாதம் கழித்து நீங்கள் பார்ப்பது துருப்பிடித்த பேரிங்காக இருக்கும். ஹப்பின் மேல் உள்ளங்கையை வைத்து நிதானமாகப் பத்து எண்ணுங்கள். சூடு கொஞ்சமும் தெரியாதபோதுதான் இறக்க வேண்டும். நான் ஒரு டீ குடித்து, கயிறுகளை அவிழ்த்து, துடுப்புகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் ஆறிவிடும். நல்ல நீர் ஏரி என்பதால் கடலோரத்தைப் போல உப்பு அரிப்பு இல்லை. ஆனால் ஈரம் போதுமானது.

முதல் பயணத்தில் எங்கெங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்?

சக்கர நட்டுகளை முதல் 15, 40, 80 கிலோமீட்டர்களில் மறுபடி இறுக்க வேண்டும், எதிரெதிர் நட்டு என்ற வரிசையில். யூ போல்ட்டுகளையும் 80 கிலோமீட்டருக்குள் ஒரு முறை. புதிய பெயின்டும் தட்டும் அமுங்கி அவை தளரும். நான் வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது காமக்காபட்டி, டம்டம் பாறை, பெருமாள்மலை ஆகிய மூன்று இடங்களில் நிறுத்துகிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதைத் தூக்கிச் சுற்றிப் பார்க்காமல் நகர்வதில்லை.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று அதன் 52-வது பிரிவு சொல்கிறது. அதே அளவு, அதே திறன் கொண்ட அச்சு என்றால் அது பழுதுபார்ப்பு. அச்சின் திறனையோ எண்ணிக்கையையோ மாற்றுவதாக இருந்தால் வேலையைத் தொடங்கும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கழற்றிய பழைய அச்சை என்ன செய்யலாம்?

குழாய் பழைய இரும்புக் கடைக்கு. ஹப் நன்றாக இருந்து, புதிய அச்சுக்கும் அதே பேரிங் எண் என்றால் அதை விற்காதீர்கள். பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் போட்டுத் தயார் நிலையில், ஒரு ஸ்பிலிட் பின்னோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, இழுக்கும் வண்டியின் பின்பெட்டியில் வைத்துவிடுங்கள். டம்டம் பாறைக்கு மேலே மழையில் ஒரு ஹப் பழுதான இரவில், அந்தப் பைதான் என் படகை வீட்டுக்குக் கொண்டுவந்தது.